முதல் மரக் குழலும் எட்டாத கடைசித் துளையும்

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் நான்கு வருடம் 5 கட்டை சுருதி மூங்கில் குழலில் கர்நாடக இசை கற்றவர். மேற்படிப்புக்கு அயர்லாந்து போகிறார். அந்த ஊர்க்காரர்கள் வாசிக்கும் கறுப்பு மரக் குழல்மீது ஆசை. தெரிந்தவர் ஒருவரின் குழலை வாங்கிப் பிடித்துப் பார்த்தாராம். வலது கை மோதிர விரல் கடைசித் துளைக்குப் போகவே இல்லை. இழுத்துப் பிடித்து வைத்தால் ஆள்காட்டி விரல் தன் துளையிலிருந்து நழுவுகிறது. "என் கை சின்னது. சின்னக் குழலாக வாங்கலாமா, இல்லை இந்த ஆசையையே விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் வேண்டாம். உங்கள் கை சின்னதாகவே இருக்கலாம், ஆனால் தடை அது இல்லை. நீங்கள் பிடித்துப் பார்த்தது ஒரே ஒரு குழலை, அதுவும் மூங்கில் குழலைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருப்பீர்கள். எட்டாமல் போனதற்கு இந்த இரண்டும் போதும். எனக்கும் அப்படித்தான் ஆனது. நானும் மூங்கிலில் தொடங்கி மரத்துக்கு வந்தவன்தான்.

மூங்கில் வாசித்தவர்களை ஏமாற்றுகிற ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். அயர்லாந்தில் எல்லோரும் கையில் வைத்திருப்பது 'டி' குழல். ஆறு துளைகளையும் மூடி ஊதினால் 'டி' என்ற மேற்கத்திய சுரம் வரும். நம் வழக்கப்படி மேல் இரண்டு துளைகளை மட்டும் மூடி அதை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் அது 'ஏ' சுரம், அதாவது 6 கட்டை. "என்னுடையது 5 கட்டை, இது 6 கட்டை என்றால் இன்னும் குட்டையாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று தோன்றும். இல்லை. கச்சேரிகளில் நாம் பார்க்கும் குட்டைக் குழலின் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது இது. அதனால் நீளமும் அதிகம், துளைக்குத் துளை தூரமும் அதிகம். ஒரு கையின் மூன்று துளைகள், முதல் துளையின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரைக்கும் அளந்தால், டி குழலில் 7 சென்டிமீட்டரை ஒட்டி வரும். உங்கள் 5 கட்டையில் அளந்து பாருங்கள், ஏறக்குறைய பாதிதான் இருக்கும். பாதி தூரத்துக்குப் பழகிய விரல்கள் முதல் நாளே அந்த 7 சென்டிமீட்டரில் போய் உட்காராது.

ஒரு ஆறுதலும் உண்டு. துளைகளின் சுர வரிசை நீங்கள் அறிந்ததுதான். மேல் இரண்டை ஸட்ஜமாக வைத்தால் உங்கள் ஹரிகாம்போஜி அப்படியே வரும். ஆறையும் மூடியதை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம். அங்கே பாதிப் பாட்டுகள் இந்த இரண்டாவது கணக்கில்தான் ஓடுகின்றன. எட்டுத் துளைக்குப் பதில் ஆறு, வலது சுண்டு விரலுக்கு வேலை இல்லை. புதிதாகப் பழக வேண்டியது தூரம் மட்டும்தான்.

இனி அந்தக் கடைசித் துளை. அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எந்தக் குழலைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

விசை, அதாவது விரலால் அமுக்கித் துளையை மூடித் திறக்கும் நெம்புகோல், இல்லாத குழல் என்பது ஒலிக்கும், விரலுக்கும் நடுவே பேசி முடித்த பேரம். சுரம் சுத்தமாகவும் கம்பீரமாகவும் வர வேண்டுமென்றால் துளைகள் பெரிதாக, கீழ்ப்பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். ஆனால் அங்கே விரல் போகாது. அதனால் செய்பவர் துளையை ஊதுதுளைப் பக்கம் மேலே நகர்த்துகிறார். நகர்த்தினால் சுருதி ஏறிவிடும். அதை இறக்கத் துளையைச் சின்னதாக்குகிறார். இப்படி மேலே வந்து சின்னதானதுதான் கடைசித் துளை. அதனால்தான் டி குழலில் அந்தத் துளையைத் திறந்தால் வரும் 'இ' சுரம் மட்டும் கொஞ்சம் பலவீனமாக, தொண்டை கட்டின மாதிரி ஒலிக்கும். அது செய்தவரின் குறை இல்லை, உங்கள் மோதிர விரலுக்காக விட்டுக்கொடுத்தது. இந்த இ நன்றாக முழங்குகிற குழல் வேண்டும் என்று கேட்டால், அந்தத் துளை பெரிதாகி இன்னும் கீழே போகும். முதல் குழலில் அந்த ஆசை வேண்டாம்.

உள்துவாரத்தின் வடிவமும் இதில் சேர்ந்தது. நல்ல ஐரிஷ் குழலின் உட்புறம் மூங்கில் மாதிரி ஒரே அகலத்தில் இருக்காது. தலைப்பகுதியில் அகலமாக இருந்து கீழே போகப் போகக் குறுகும். இந்தக் குறுகல் துளைகளை ஒன்றுக்கொன்று நெருக்கமாக வைக்க உதவுகிறது, இரண்டாம் ஸ்தாயியின் சுருதியையும் நேராக்குகிறது. உள்ளே நேர்க்குழாயாகத் துளைத்த மலிவு டி குழல்களில் துளைகள் விலகித்தான் இருக்கும். நீங்கள் பிடித்துப் பார்த்தது அப்படி ஒன்றாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். தலைப்பகுதியைக் கழற்றி, உடலை இரண்டு முனையிலும் பாருங்கள். கீழ் முனை மேல் முனையைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறுகியிருக்க வேண்டும்.

பெயர்கள் இரண்டு உங்கள் காதில் விழும்: 'ருடால்', 'பிராட்டன்'. இவை இன்றைய பிராண்டுகள் இல்லை, பழைய வடிவங்களின் பெயர்கள். லண்டனில் 1821இல் கூட்டுச் சேர்ந்த ருடால், ரோஸ் இருவரின் பட்டறைக் குழல்கள் ஒரு வகை. இங்கிலாந்து வித்வான் ராபர்ட் சிட்னி பிராட்டன் பெயரால் பூசி கம்பெனி செய்தவை இன்னொரு வகை. ஒரு சுவாரஸ்யம் சொல்கிறேன். சார்லஸ் நிக்கல்சன் என்ற இங்கிலாந்து வித்வான் பெரிய துளைக் குழலில் ஊதிய முழக்கத்தை 1831இல் லண்டனில் கேட்டு அசந்துபோனவர் ஜெர்மனியின் தியோபால்ட் பேம். அந்த உந்துதலில் 1832இல் ஒரு குழல், அப்புறம் 1847இல் இன்றைய உலோகக் குழலின் மூல வடிவம் என்று செய்தார். விரல் எட்டாத இடத்திலும் துளை போடலாம், விசை வைத்து மூடிக்கொள்ளலாம் என்பதுதான் அவர் கண்ட வழி. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் மெல்ல அந்தப் பக்கம் போக, பழைய மரக் குழல்கள் மலிவு விலைக்கு வந்தன. கிராமத்து வாத்தியக்காரர்கள் கைக்கு அவை போய்ச் சேர்ந்தன. அயர்லாந்தின் ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் பக்கத்துக் குழல் மரபு அந்தப் பழைய லண்டன் குழல்களில் வளர்ந்ததுதான்.

நமக்கு வேண்டியது இதில் என்ன? பிராட்டன் வகையில் துளைகள் பெரியவை, பெரிய துளை 10 மில்லிமீட்டரையும் தாண்டும். சத்தம் அதிகம், காற்றும் அதிகம் கேட்கும். மெலிந்த விரல்காரர்களுக்கு அவற்றை ஒழுகாமல் மூடுவதே பாடு. ருடால் வகையில், அதிலும் சின்னத் துளை ருடாலில், மூடுவது எளிது. தூரம் இரண்டிலும் பெரிதாக வித்தியாசப்படாமல் இருக்கலாம். ஆனால் 7 சென்டிமீட்டர் விரித்த கையில் 8 மில்லிமீட்டர் துளையை மூடுவதும் 11 மில்லிமீட்டர் துளையை மூடுவதும் ஒன்றில்லை. விரல் கொஞ்சம் விலகினாலும் சின்னத் துளை மன்னிக்கும், பெரிய துளை உடனே கீச்சிடும். ஆக, உங்களுக்குச் சின்னத் துளை ருடால்.

இப்போது நான் முக்கியமென்று நினைக்கிற விஷயம். கடைகளில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். குழலின் உடல் ஒரே துண்டா, இரண்டு துண்டா? பழைய முறையில் இடது கைக்கு ஒரு துண்டு, வலது கைக்கு ஒரு துண்டு, நடுவில் பொருத்து இருக்கும். இந்தப் பொருத்து இருந்தால் வலது கைத் துண்டை மட்டும் கொஞ்சம் திருகி, துளைகள் உங்கள் விரல் விழுகிற இடத்துக்கே வரும்படி வைத்துக்கொள்ளலாம். ஒரே துண்டில் ஆறு துளையும் ரூல்தடி வைத்தாற்போல் நேர்கோட்டில் இருந்தால் உங்கள் கைதான் குழலுக்கு வளைந்துகொடுக்க வேண்டும். உங்கள் கையை ஒரு மேஜைமேல் தளர்வாக வைத்துப் பாருங்கள். மூன்று விரல் நுனிகளும் நேர்கோட்டிலா இருக்கின்றன? நடுவிரல் முன்னே, மோதிர விரல் கொஞ்சம் பின்னே. அதனால் ஒரே துண்டுக் குழல்தான் கிடைக்கிறது என்றால், மூன்றாம் துளையை உள்ளங்கைப் பக்கமாகச் சற்றே விலக்கிப் போட்டதாக வாங்குங்கள். சிறிய கைக்காரர்களுக்கென்று இப்படித் துளையிட்டுத் தருகிற கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கேசி பர்ன்ஸ் செய்த 'ஃபோக் ஃப்ளூட்' வரிசையில் சிறிய கைக்கென்றே தனி வடிவம் உண்டு. பழையது ஒன்று விற்பனைக்கு வந்தால் விடாதீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வாங்கியது இணையத்தில் பார்த்த ஒரு பளபளப்பான குழல். பித்தளை வளையம், வெல்வெட் பெட்டி, 'தொழில்முறைத் தரம்' என்ற வர்ணனை. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. ஆறு துளையும் நேர்கோடு, உட்புறம் நேர்க்குழாய். மூன்று மாதம் போராடினேன். கீழ் டி ஒரு நாளும் நிற்கவில்லை. வலது மணிக்கட்டில் வலி வந்து சாதம் பிசைவதே சிரமமானது. என் கைதான் லாயக்கில்லை என்று முடிவுகட்டியிருந்தேன். அயர்லாந்தின் கால்வே நகரில் ஒரு பெரியவர் தன் குழலைக் கொடுத்து, வலதுத் துண்டைக் கால் அங்குலம்கூட இருக்காது, அவ்வளவுதான் திருகி, "இப்போது ஊது" என்றார். டி வந்தது. அன்று வீட்டுக்கு வந்து என் குழலின் வெல்வெட் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டேன். இப்போது அதில் தையல் சாமான் இருக்கிறது.

அதனால் எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஐம்பது ரூபாய்கூட ஆகாது. எலக்ட்ரிகல் கடையில் 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் இரண்டு அடி வாங்குங்கள். குழலின் பருமனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வீட்டில் இருக்கும் ஸ்டிக்கர் பொட்டு ஆறு, நடுத்தர அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டு எதற்கென்றால், விரலுக்கு அதன் விளிம்பு தட்டுப்படும், பேனாக் குறி தட்டுப்படாது. இடது கைக்கு மூன்று பொட்டு, ஒன்றிலிருந்து ஒன்று மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில். அப்புறம் ஐந்து சென்டிமீட்டர் விட்டு வலது கையின் முதல் பொட்டு, அதிலிருந்து மூன்றேகால் தள்ளி இரண்டாவது, அதிலிருந்து நான்குக்குச் சற்றுக் குறைவாக மூன்றாவது. இது பொதுவான ஒரு டி குழலின் கை. குறிப்பிட்ட குழல் ஒன்றின்மேல் கண் இருந்தால் செய்பவருக்கு எழுதி, துளை நடுவிலிருந்து துளை நடுவரை மில்லிமீட்டரில் அளவு கேளுங்கள். நல்ல கைவினைஞர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் சொல்லாதவரிடம் வாங்கவும் வேண்டாம்.

இந்தப் பைப்பை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பாதி விஷயம். மேலிருந்து கீழாக விரல் வைக்காதீர்கள். நாம் எல்லோரும் ஆள்காட்டி விரலை முதலில் வைத்துப் பழகியவர்கள், அதனால் கடைசி விரலுக்கு மிச்ச தூரம்தான் கிடைக்கிறது. மாற்றிச் செய்யுங்கள். வலது மோதிர விரலின் நுனிச் சதையை முதலில் கடைசிப் பொட்டின்மேல் வையுங்கள். அப்புறம் நடுவிரல் எங்கே விழுகிறதோ விழட்டும். கடைசியாக ஆள்காட்டி விரல். அது நுனியால் மூடாமல், முதல் கணுவைத் தாண்டிய நடுச் சதையால் மூடும். அப்படித்தான் மூட வேண்டும். விரல்கள் வளையாமல், தட்டையாக, பலகைமேல் வைத்த மாதிரி கிடக்கும். அயர்லாந்தில் காற்றுப்பை வைத்த 'பைப்' என்ற வாத்தியத்தை வாசிப்பவர்கள் இப்படித்தான் பிடிக்கிறார்கள், நம் வடநாட்டுப் பெரிய பன்சூரிக்காரர்களும் இப்படித்தான். பன்னாலால் கோஷ் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைந்த குழலை வைத்து வாசித்ததும், நம் என். ரமணி நீளக் குழலைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்ததும் பிரம்மாண்டமான கை இருந்ததால் இல்லை.

வலது கட்டைவிரல்தான் அடுத்த எதிரி. அது குழலுக்கு அடியில் போய்த் தாங்கிப் பிடித்தால் மற்ற விரல்கள் தானாகச் சுருங்கிவிடும். இப்போதே செய்து பார்க்கலாம். கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டு மோதிர விரலை விரியுங்கள். அப்புறம் கட்டைவிரலைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து விரியுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். கட்டைவிரல் குழலின் உங்கள் பக்கத்து ஓரத்தில், வலது கையின் முதல் துளைக்கும் இரண்டாம் துளைக்கும் நேராக இருந்து, குழலை மெல்ல வெளிப்பக்கம் தள்ள வேண்டும். எடையைத் தாங்குவது அதன் வேலை இல்லை. எடை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். தாடை, இடது விரலடி, வலது கட்டைவிரல் என்று மூன்று இடத்தில் குழல் நின்றுவிட்டால், ஆறு விரலையும் தூக்கினாலும் விழாது. வலது சுண்டு விரலைக் கீழ்த் துண்டின்மேல் சும்மா வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிடியில் பைப்பை வைத்துக்கொண்டு, ஐரிஷ் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் விரலை மட்டும் ஆட்டுங்கள். ஐரிஷ் குழல் வித்வான் மாட் மொலாய் வாசித்ததாகவே இருக்கட்டும். ராஸ்காமன்காரர். அயர்லாந்து போனால் மேயோ மாவட்டத்து வெஸ்ட்போர்ட்டில் அவர் பெயரிலேயே ஒரு பப் இருக்கிறது, போய் உட்கார்ந்து கேளுங்கள். பத்தாவது நிமிடத்தில் விரல் நடுவில் இழுக்கிற மாதிரி ஒரு விறைப்பு வந்தால் பரவாயில்லை, இரண்டு வாரத்தில் போகும். மணிக்கட்டிலோ கட்டைவிரலடியிலோ குத்துகிற வலி வந்தால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. கடைசிப் பொட்டை அரைச் சென்டிமீட்டர் மேலே நகர்த்திப் பாருங்கள், கொஞ்சம் உள்ளங்கைப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் கை அடங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். குழல் செய்பவருக்கு அனுப்ப வேண்டிய கடிதம் அதுதான்.

நிஜக் குழல் கைக்கு வந்த பிறகு ஒரு சின்ன வித்தை. கீழ் டி வராவிட்டால் உடனே உதட்டைக் குறை சொல்லாதீர்கள். ஆறு துளையையும் மூடி, கொஞ்சம் அழுத்தி, உடனே கையை எடுத்து விரல்களைப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் ஒரு வட்டம் பதிந்திருக்கும். எந்த விரலில் வட்டம் முழுதாக இல்லாமல் பிறை மாதிரி இருக்கிறதோ அங்கேதான் காற்று ஒழுகுகிறது. பெரும்பாலும் எல்லோரும் சந்தேகப்படுகிற வலது மோதிர விரலாக இருக்காது, இடது மோதிர விரலாக இருக்கும். வலதில் கஷ்டப்படும்போது இடது கை தானாக இழுபட்டு அந்த விரல் ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். எட்டாதது வலதில், ஒழுகுவது இடதில். எனக்கு இது புரியவே ஒரு வருடம் ஆனது.

இனி "சின்னக் குழலாக வாங்கலாமா" என்ற உங்கள் கேள்வி. எஃப், ஜி சுருதிகளிலும் இதே அமைப்பில் மரக் குழல் கிடைக்கிறது. எஃப் குழலில் தூரம் ஆறில் ஒரு பங்கு குறையும், அதாவது 7 சென்டிமீட்டர் சுமார் 6 ஆகும். ஜி குழலில் நான்கில் ஒரு பங்கு குறைந்து 5 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். நம் விரலடைவில் எஃப் குழல் 1 கட்டை, ஜி குழல் 2 கட்டை. வீட்டில் தனியாக வாசிக்க, பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தர, இவை அருமையானவை. ஆனால் நீங்கள் போவது அயர்லாந்துக்கு. அங்கே சாயங்காலம் பப்பில் வட்டமாக உட்கார்ந்து பிடில், கான்செர்டினா என்ற கைத்துருத்திப் பெட்டி, காற்றுப்பைப் பைப் எல்லாம் சேர்ந்து வாசிப்பார்கள், செஷன் என்பார்கள். அது முழுக்க டி, ஜி, அவற்றை ஒட்டிய சுருதிகளில் நடக்கும். எஃப் குழலோடு போனால் சுருதி சேராமல் வேடிக்கைதான் பார்க்கலாம். மிஞ்சிப்போனால் ஜி குழலில் சில பாட்டுகளை ஒப்பேற்றலாம். கையில் மூட்டுவலி மாதிரி நிஜமான தொந்தரவு இருந்தால் ஒழிய, டி குழலிலேயே எட்டுகிற குழலைத் தேடுவதுதான் சரி. ஈ ஃபிளாட் குழலும் சொல்வார்கள். அது டியைவிட அரைச் சுரம்தான் மேலே, தூரத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

மரமா, பாலிமர் என்கிற பிளாஸ்டிக் வகையா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் குழலுக்கு நான் பாலிமர் கட்சி. இங்கிலாந்தில் டோனி டிக்சன் பெயரில் வருகிற பாலிமர் குழல்கள் மாதிரி நல்லவை உண்டு. சில நூறு யூரோவுக்குள் முடியும், விசையில்லா நல்ல மரக் குழல் ஆயிரத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். ஒலியில் நீங்களும் நானும் கண்டுபிடிக்கிற வித்தியாசம் குறைவு. ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது ஊதுதுளை வெட்டும் உள்துவாரமும்தான். ஆனால் மரம் என்ற ஆசை இருக்கிறது, அதையும் புரிந்துகொள்கிறேன். பெரும்பாலானவை ஆப்பிரிக்கன் பிளாக்வுட். பெயரைப் பார்த்துக் கருங்காலி என்று நினைக்காதீர்கள், அது நம் ஈட்டி மரத்தின் இனம். கனமான மரம். பாக்ஸ்வுட் இலேசானது, இளமஞ்சள் நிறம், ஆனால் ஈரத்துக்கு வளையும் குணம் உண்டு. எட்டாத கைக்குக் கனம் ஒரு சுமை, அதனால் கனத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பகுதி முழுக்க உலோக உறை போட்டு, சுருதி நகர்த்தும் குழாய் வைத்தவை இன்னும் கனம். இலேசான குழல் நல்ல விலைக்குக் கிடைத்தால் சுருதிக் குழாய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பொருத்தைக் கொஞ்சம் இழுத்துச் சமாளிக்கலாம். பிளாக்வுட் மர இனத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு என்று பழைய பக்கங்களில் பயமுறுத்தியிருப்பார்கள். 2017 ஜனவரியில் வந்த அந்தக் கெடுபிடி, செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் தளர்ந்துவிட்டது.

விசை வைத்த குழல் இப்போது வேண்டாம். கனம், விலை, பராமரிப்பு மூன்றும் கூடும். நீங்கள் கற்கப்போகும் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு விசையே தேவைப்படாது. சாதா சி சுரம்கூட விரலைக் குறுக்காக மூடி வந்துவிடும்.

வாங்குவதை அங்கே போய் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்கவரி தனி, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவதும் பாடு. கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மால்பே என்று ஒரு சின்ன ஊர். 1973 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் பைப் வித்வான் வில்லி கிளான்சி நினைவாகக் கோடைப் பள்ளி நடக்கிறது. குழல் வகுப்பும் உண்டு. அந்த வாரம் ஊர் முழுக்கக் குழல்காரர்கள். நான்கு பேரிடம் கேட்டு நான்கு குழலைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். பைப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். பொட்டு ஒட்டிய பிவிசி பைப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவர்களும் வாங்கிப் பிடித்துப் பார்ப்பார்கள்.

மரத்தில் வாங்கினால் முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்துக்குமேல் ஊதாதீர்கள். மரம் உள் ஈரத்துக்கு மெல்லப் பழக வேண்டும். ஊதி முடித்ததும் துணியால் உள்ளே துடைத்துவிடுங்கள். அயர்லாந்தில் வெளியே ஈரம்தான், ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் வெடிக்கும். எண்ணெய்க்குப் பாதாம் எண்ணெய். ஊரிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுபோய் மூங்கிலுக்குத் தடவுகிற மாதிரி தடவலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே அது வருடத்தில் முக்கால்வாசி நாள் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும். நான் கரண்டியால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

கடைசியாக, கேட்காமல் கேட்ட ஒரு கேள்வி உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருந்தது. பெரிய குழலுக்குப் பழகினால் மூங்கில் கைவிட்டுப் போய்விடுமா? போகாது. முதல் ஒரு மாதம் 5 கட்டையை எடுத்தால் பொம்மை மாதிரி இருக்கும், விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். தட்டையான விரலோடு கமகம் பிடித்தால் வழுக்கும். அதனால் ஒரே நாளில் இரண்டையும் எடுக்கும்போது மூங்கிலை முதலில் வாசித்து முடித்துவிடுங்கள், மரம் அப்புறம். தலைகீழாகச் செய்த நாளில் எனக்கு வராளியின் மத்யமம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒரு நாளும் போனதில்லை.